ப்ளக் காட்டிய இரண்டு மேடுகள்

அண்ணனின் ஆக்ஸிஜன் மிஷினுக்கும் சுவரில் இருந்த ப்ளக் பாயின்ட்டுக்கும் நடுவே ஒரு ஸ்மார்ட் ப்ளக்கைச் செருகியது நான்தான். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை டப்பா. மிஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்து, வீட்டு வைஃபை வழியாக என் போனுக்கு அனுப்பிவிடும். அண்ணன் இருந்தது நகரியில். நான் குடியிருப்பது திருப்பதியில், வேலைக்குப் போவது சித்தூருக்கு. என் தினசரிப் பாதையில் நகரி வராது. போக வேண்டும் என்று நினைத்தால்தான் போக முடியும். அப்படி நினைப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் படுத்துக்கொண்டு படிக்கிற வேலை இருந்தது.

ஆகவே ப்ளக். அதை மாட்டிவிட்டு வந்த அன்று, கடமையில் பாதியைச் சுவரில் செருகிவிட்ட நிம்மதியோடு பஸ் ஏறினேன்.

அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. எங்கள் நைனா இறந்தபோது அவன் விசைத்தறிக்குப் போனான், நான் பள்ளிக்கூடம் போனேன். அடைத்த தறிக்கூடத்தில் நாற்பது வருடம் பஞ்சுத் தூசியை இழுத்தவன், கடைசியில் வாசலிலிருந்து அடுப்படி வரை நடந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கள் பக்கத்தில் கை கால் உடைந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்ளலாம். நுரையீரலுக்குக் கட்டு கிடையாது. திருப்பதியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

அவர் படங்களைப் பார்த்துவிட்டு, ஆக்ஸிஜன் மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக் குழாய் வழியாகத் தருகிற மிஷின். "ரெண்டு பூட்டலா மிஷன் மீதே உண்டாலி" என்றார் தெலுங்கில், ரெண்டு பூட்டையும் மிஷினிலேயே இருக்க வேண்டும் என்று. அண்ணியும் அண்ணனும் எழுந்து மெதுவாக வெளியே நடந்தார்கள். நான் சீட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் இன்னொரு வாக்கியமும் சொன்னார்: சாப்பிடவும் குளிக்கவும் மட்டும் கழற்றலாம்.

பூட்ட என்பது தெலுங்கு வார்த்தை என்று நகரியில் யாரும் நினைப்பதில்லை. தறிக்கூடத்தில் ஒரு பூட்ட வேலை என்றால் அரை நாள். ரெண்டு பூட்டையும் தறி ஓட்டினான் என்றால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓட்டினான் என்று அர்த்தம். டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

அண்ணிக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. ஆகவே டாக்டர் சொன்னதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதித் தருவதாகச் சொன்னேன். நான் சிறு பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன். தமிழில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பூட்ட என்று எழுதக் கை வரவில்லை. "காலை, மாலை இரண்டு வேளையும் மிஷின்" என்று எழுதினேன். கழற்றுவதைப் பற்றிய வாக்கியம், முதல் வாக்கியம் சொன்னதையே திரும்பச் சொல்வதாகத் தோன்றியதால் விட்டுவிட்டேன். சொற்சிக்கனம். தாள் அழகாக இருந்தது. அண்ணி அதை மிஷினுக்கு மேலே ஒட்டினார்.

ஒரு வாரம் கழித்துச் சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். நாள் முழுக்க ஓடும் மிஷின் நாலு யூனிட்டாவது இழுக்க வேண்டும் என்று மிஷின் பெட்டியில் போட்டிருந்த வாட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ப்ளக் அரை யூனிட்கூடக் காட்டவில்லை. படத்தைப் பார்த்தால் காலையில் ஒரு சின்ன மேடு, சாயந்திரம் ஒரு சின்ன மேடு, நடுவில் வெறும் தரை. ஒட்டகம் படுத்திருப்பதுபோல.

உடனே போன் செய்தேன்.

"அண்ணா, மிஷின் ஓடுதா?"

"ஓடுதுடா."

"ஒழுங்கா ஓடுதா? டாக்டர் சொன்ன மாதிரி?"

"அதெல்லாம் உங்க அண்ணி வுடுவாளா? டாண்ணு போட்டுடறா."

"மூக்குல வெச்சிக்கினா நல்லா கீதா?"

"நல்லாத்தான் கீது. அது வேல அது செய்து, என் வேல நான் செய்றேன்."

"உன் வேல இன்னா?"

"மூச்சு வுட்றது."

அண்ணன் பொய் சொல்கிறவன் இல்லை. அப்படியானால் பொய் சொல்வது ப்ளக். இந்த முடிவுக்கு வர எனக்குப் பாதி வழியிலிருக்கும் பாகாலா வரைகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரங்கள் நான் அந்த ப்ளக்கைத் திருத்தினேன். என் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு சிரத்தையாகத் திருத்தியதில்லை, என் கட்டுரைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன். புது மென்பொருள் போட்டேன். அண்ணியிடம் போனில் சொல்லி, ப்ளக்கின் பொத்தானை விளக்கு சிமிட்டும்வரை அழுத்தச் சொன்னேன். அவர் அழுத்தினார். சிமிட்டியது. ஒட்டகம் அப்படியே இருந்தது.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சார், அப்ளையன்ஸ் ஆன்ல இருக்கான்னு செக் பண்ணீங்களா?"

"அம்மா, அது ஒருத்தருடைய மூச்சு. ஆஃப் பண்ணி வைக்க அது மிக்ஸி இல்ல."

"ஓகே சார். ஆனா அந்த நேரத்துல ஆன்ல இருந்துச்சான்னு…"

நான் கிண்டலாக இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லி போனை வைத்தேன். அந்த மூன்று வாரத்தில் சரியான கேள்வியைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

எனக்கு அதைவிட அழகான ஒரு கொள்கை கிடைத்திருந்தது. அண்ணன் தெருவில் வரிசையாக விசைத்தறிகள். பகலில் அத்தனை மோட்டாரும் ஓடும்போது வைஃபை திணறும், ப்ளக்கின் கணக்கு என் போனுக்கு வந்து சேராது, தறி நிற்கிற நேரத்தில்தான் வரும், அதனால்தான் காலையில் ஒரு மேடு, சாயந்திரம் ஒரு மேடு. ஆபீஸில் நாலு பேரிடம் இதை விளக்கினேன். ஒருவர், "நீங்க எழுதறத வுட்டுட்டு கரண்ட் ஆபீசுக்குப் போயிருக்கணும் சார்" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு இரண்டாம் சனிக்கிழமை நேரிலேயே போனேன். பையில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்று, ஹோல்டர், ஒயர். வாட் தெரிந்த பொருளை மாட்டி, ப்ளக் என்ன காட்டுகிறது என்று பார்ப்பதுதான் முறை என்று படித்திருந்தேன்.

நான் உள்ளே போனபோது காலை பதினொரு மணி. மிஷின் ஓடவில்லை. அண்ணன் ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். குளிக்கக் கழற்றியிருக்கிறார்கள் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

"இன்னாடா, பல்பு வாங்கினு வந்துக்கிற? எங்க வூட்ல வெளிச்சம் பத்தலயா?"

"ப்ளக்கு தப்பாக் காட்டுது அண்ணா. செக் பண்ணணும்."

"என்னப் பாக்க வந்தியா, ப்ளக்கப் பாக்க வந்தியா?"

"ரெண்டும்தான்."

"மொதல்ல அதப் பாரு. அதுக்குத்தான் ஒடம்பு சரியில்லன்ற."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, உதடு நீலம் பாரித்து அடங்கியது. அண்ணி அவன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நீங்க எழுதின மாதிரியே போடறோம் தம்பி. காலைல, சாயந்தரம், ஒரு நாளுகூடத் தவறல. மிஷின் ஓடச்சே விரல்ல ஆக்ஸிஜன் பாக்கற கிளிப்பு மாட்டிப் பாத்தா நைன்ட்டி ஃபோர் வருது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. நான் தலையை ஆட்டிக்கொண்டே பல்பை மாட்டினேன்.

அறுபத்தெட்டு வாட் காட்டியது. நூறு வாட் பல்புக்கு அறுபத்தெட்டு! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை விழுங்குகிறது திருட்டு ப்ளக். ஆப்பில் அளவைத் திருத்தும் பக்கம் ஒன்று உண்டு. இப்போது ஓடுவது எத்தனை வாட் என்று அது கேட்டது, நூறு என்று எழுதினேன். ப்ளக் அடக்கமாக ஒப்புக்கொண்டது.

அதே திரையில், அதே அளவு எழுத்தில், வோல்டேஜ் நூற்று எண்பத்தாறு என்று இருந்தது. தெரு முழுக்கத் தறி ஓடும்போது அங்கே எப்போதும் லோ வோல்டேஜ். அந்த வோல்டேஜில் நூறு வாட் பல்பு நூறு வாட் இழுக்காது, அறுபத்தெட்டுதான் இழுக்கும். பல்பு மங்கலாக எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். ப்ளக் சரியாக அளந்திருந்தது. அதைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டு, அண்ணி போட்ட காபியைக் குடித்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

மேடுகள் பாதி உயரம் கூடின. ஆனாலும் இரண்டுதான். மிச்சத்தை வைஃபையின் தலையில் கட்டிவிட்டுப் படுத்துப் படித்தேன்.

மறுபரிசோதனைக்கு டாக்டரிடம் போகும்போது அண்ணனின் கால்கள் வீங்கியிருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

"ரோஜுக்கு என்னி கன்டலு பெட்டுக்குன்டுன்னாரு?" தினமும் எத்தனை மணி நேரம் வைக்கிறீர்கள் என்று கேட்டார்.

அண்ணி தமிழிலேயே பெருமையாகச் சொன்னார்: "ரெண்டு வேளையும் தவறாம போடறோம் சார். காலைல முக்கா மணி, சாயந்தரம் முக்கா மணி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

எனக்கு அப்போதுதான் அந்த இரண்டு மேடுகளும் என்னவென்று தெரிந்தது. வேளை. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, மாத்திரை போடுவதுபோல. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அந்தத் தாளை அப்படித்தான் படிப்பார்கள். ப்ளக் முதல் நாளிலிருந்து அதை எனக்குப் படம் போட்டே காட்டிக்கொண்டிருந்தது.

"அலா எவரு செப்பினாரு?" அப்படி யார் சொன்னது என்றார் டாக்டர்.

அண்ணியின் முகம் என் பக்கம் திரும்பியது. வாயும் திறந்தது. அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "நாதே தப்பு சார். முக்குலோ கொட்டம் உன்டே நொப்பி. நேனே தீசேசானு." என் தப்புதான் சார், மூக்கில் குழாய் இருந்தால் வலிக்கிறது, நானே கழற்றிவிட்டேன்.

டாக்டர் அவனைத் திட்டினார். பதினைந்து மணி நேரம் இருக்க வேண்டியது, விளையாட்டா இது, இதயம் எவ்வளவு வீங்கியிருக்கிறது தெரியுமா என்று வெகுநேரம் திட்டினார். அண்ணன் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன்போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நான் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றபோது, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். டாக்டர் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

வாடகைக் காரில் திரும்பும்போது அண்ணி முன் சீட்டில் கண்ணை மூடியிருந்தார். புத்தூர் தாண்டிய பிறகு அண்ணன் பேசினான். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"டேய். அன்னிக்கி டாக்டரு ரெண்டு பூட்டன்னு சொல்லச்சே, நாள் முச்சூடும்னுதான் நான் நெனச்சிக்கினேன்."

"அப்புறம் ஏன் அண்ணா…"

"நீ எழுதினத உங்க அண்ணி படிச்சிக் காட்னா. வேற மாதிரி இருந்திச்சி. சரி, நாம தறிக்காரன், நமக்குத் தறி ஓட்ற பூட்டதான் தெரியும். படிச்சவன் கேட்டுக்கினு வந்து எழுதிக்கிறான். அதான் கரெக்டா இருக்கும்னு வுட்டுட்டேன்."

"போன்ல ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"நீதான் தெனம் கேட்டியேடா, ஓடுதா ஓடுதான்னு. நான் ஓடுதுன்னேன். நீ சரின்ன."

"டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "அவரு எதிர்ல நீ திட்டு வாங்கணுமா? நான் வாங்கினா வாங்கிட்டுப் போறேன். எனக்கு மேஸ்திரிகிட்ட வாங்கிப் பழக்கம்." மூச்சை இழுத்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத" என்றான்.

அன்றிலிருந்து மிஷின் நாள் முழுக்க ஓடியது. ப்ளக்கில் நான் செய்த திருத்தத்தை நானே அழித்தேன். நாலு யூனிட், நாலரை யூனிட் என்று கணக்கு சரியாக வந்தது. படத்தில் விடிந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் மட்டும் சின்னச் சின்ன வெட்டுகள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். இடையில் லீவு போட்டும் போனேன். அவன் மூக்குக் குழாயோடு சாய்ந்துகொண்டு, "இன்னாடா, ப்ளக்கு எப்படி கீது, தேறிச்சா?" என்று கேட்பான். தேறிவிட்டது என்பேன். அவன் கால் வீக்கம் வடிந்தது, பிறகு மறுபடி வந்தது. முதலிலிருந்தே ஒழுங்காக வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று டாக்டரிடம் தனியாக ஒருமுறை கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். கேட்டது அண்ணனுக்காக இல்லை, எனக்காக என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, சித்தூர் பஸ்ஸில் போனைத் திறந்து பார்த்தேன். முந்நூற்றுப் பத்து வாட். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. திருப்தியாகப் பையில் வைத்தேன். கால் மணி கழித்து அண்ணி கூப்பிட்டார். காபி எடுத்துக்கொண்டு போனபோது பார்த்தாராம். எப்போது போனான் என்று தெரியவில்லை. அழுகைக்கு நடுவே அவருடைய குரலுக்குப் பின்னால் மிஷின் உறுமுவது கேட்டது. மறுபடி ஆப்பைத் திறந்தேன். முந்நூற்றுப் பத்து. இந்த முறை அளவு மிகச் சரி. மூக்கில் மூச்சு இருக்கிறதா இல்லையா என்பது மிஷினுக்குத் தெரியாது, அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான் இறங்கி எதிர்ப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். ஏறி உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கோடு தரைக்கு இறங்கியது. யாரோ ஸ்விட்சை அணைத்திருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்வேட்டிநகரத்திலிருந்து அண்ணியின் சித்தப்பா வந்திருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணி கூட்டு வைத்துக்கொண்டு வந்தபோது மாமா அண்ணியைப் பார்த்தே சொன்னார்: "சொன்ன பேச்சு கேட்டிருந்தா இன்னும் நாலு வருசம் இருந்திருப்பான். மூக்குல மாட்டிக்கினு சும்மா கெடக்கறதுக்கு இன்னா வலி? கயட்டிப் போட்டானாமே. நீயாச்சும் அதட்டி இருக்கலாம்மா."

அண்ணியின் கை நின்றது. கரண்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க மேல தப்பு இல்ல மாமா" என்றேன். "அண்ணன் மேலயும் இல்ல. நாள் முழுக்கப் போடச் சொன்னாரு டாக்டரு. நான்தான் ரெண்டு வேளன்னு தப்பா எழுதிக் குடுத்தேன்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா இவன! எழவு வூட்லகூட தமாஷ வுடமாட்டான். டேய், உங்க அண்ணன் செத்துப் பதினாறு நாளு ஆவுது, இப்பகூட எழுதறதப் பத்திதான் பேச்சா?"

எதிர் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். இவர்களையெல்லாம் முப்பது வருடமாகச் சிரிக்கவைத்துப் பழக்கியவன் நான்தான்.

"நெசமாத்தான் மாமா. நான் எழுதின தாளு இன்னும் அங்கதான்…"

"ஆமாம்பா, நீதான் கொன்ன. போலீஸக் கூப்புடட்டா?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இன்னும் பெரிய சிரிப்பு.

அண்ணி சிரிக்கவில்லை. என் இலையில் கூட்டு வைக்கக் குனிந்தார். "யார்கிட்டயும் சொல்லாதன்னு என்கிட்டயும் சொன்னாரு தம்பி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நீங்க சொல்லிட்டீங்க. போதும். துன்னுங்க."

மாமா அந்தப் பக்கம் இருந்தவரிடம் நான் சொன்னதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை நான் சொல்லவில்லை.